கொலுசு இல்லாத பேய்கள்

ஜூன் 3, செவ்வாய்

'பூட்டாத அறை' பார்த்தோம், நானும் ரெஜினாவும். பகல் காட்சி. பேய்ப் படத்தை இரவில் போய்ப் பார்ப்பவர்களை நான் ரசிகர்களாகவே கருதுவதில்லை. இருட்டில் யாருக்குத்தான் பயம் வராது? வெளியே திருச்சி வெயில் கொளுத்தும்போது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு படம் என்னைப் பயமுறுத்தினால் அதற்குத்தான் மதிப்பெண்.

இதற்குப் பத்துக்கு மூன்று.

கதை மோசமில்லை. பழைய வீடு, புது மருமகள், மாடியில் ஓர் அறை. ஆனால் இந்த இயக்குநருக்குப் பேயை எப்படி வரவழைப்பது என்று தெரியவில்லை. மருமகள் மாவு கரைத்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று பின்னால் நிற்கிறது. வருவதற்கு முன் ஒரு சத்தம் வேண்டாமா? முன்பெல்லாம் எந்தப் பேயும் கொலுசு இல்லாமல் மாடிப்படி இறங்கியதில்லை. முதலில் கொலுசு, அப்புறம் நிழல், அப்புறம்தான் முகம். அது ஓர் ஒழுங்கு. கான்வென்டில் மதர் அலோய்சியஸ் வகுப்புக்குள் வருமுன் அவர் இடுப்பில் தொங்கும் ஜெபமாலைச் சத்தம் வரும். அதிலேயே பாதிப் பேருக்கு வேர்த்துவிடும். இக்காலப் பேய்களுக்கு அந்தப் பயிற்சி இல்லை.

ரெஜினா வழக்கம்போல என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் எனக்கு முன்னாலேயே பயந்துவிடுகிறாள். அவள் நகம் என் தோலில் பதிந்த பிறகுதான் திரையில் ஏதாவது வருகிறது. அவள் மட்டுமல்ல, ஒன்றுமே நடக்காத ஒரு காட்சியில் முன் வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எதற்கு? எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 7, சனி

குக்கர் கெட்டுவிட்டது. கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து ரெஜினா ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"என்ன அண்ணி நீங்க! கொடி கட்டற எடம் வரைக்கும் கேக்குது. ஏழெட்டு விசில் அடிச்சிருச்சு. பருப்பு பாயசமாயிருச்சு!"

"ஒண்ணுகூட அடிக்கல" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ரெஜினா என் கணவரின் தங்கை. திருமணம் செய்துகொள்ளாதவள். பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் போன பிறகு இந்த மேலப்புதூர் வீட்டில் என்னோடு இருக்கிறாள். பேய் என்றால் பயத்திலேயே உயிரை விட்டுவிடுவாள், ஆனால் ஒரு படத்துக்கும் வராமலிருக்க மாட்டாள். "தனியா வீட்ல இருந்து பயப்படறதுக்கு உங்களோட வந்து பயப்படலாம்" என்பாள். நல்லவள். விசில் விஷயத்தில் மட்டும் மிகைப்படுத்துகிறாள்.

வெயிட்டை மாற்றக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

வாசல் மணியும் போயிற்று. குருவிச் சத்தம் வரும் மணி, அவர் வாங்கி மாட்டியது. தபால்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கையை ஆட்டும்வரை எனக்குத் தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றான். நான் அவனை நேராகப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். ரெஜினா இடையில் வந்து, "சரிப்பா, நீ கெளம்பு" என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பொருள்கள் ஊமையாகின்றன. இதை ஒரு படத்தின் முதல் காட்சியாக வைத்தால் நான் பாராட்டியிருப்பேன்.

ஜூன் 14, சனி

டாக்டர் அறவாழி தொலைபேசியில் அழைத்தார். திகில் ரசிகர் மன்றத்தின் செயலாளர். தொழிலில் பல் மருத்துவர். நாள் முழுக்க இரத்தம் பார்ப்பவர், படத்தில் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். இந்த ஆண்டுச் சங்கமம் ஆடி முதல் ஞாயிறு, வழக்கமான கல்யாண மண்டபத்தில். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், அதனால் மண்டபம் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கிறது.

'செவி மட்டும்' போட்டி இந்த ஆண்டும் உண்டு. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிடுவார்கள். ஒரு படத்திலிருந்து சில வினாடி ஒலி மட்டும் போடுவார்கள். யார் முதலில் மணியை அடித்துப் படத்தின் பெயரைச் சொல்கிறாரோ அவருக்குப் புள்ளி. இரண்டு ஆண்டுகளாக நான்தான் 'மன்றத்தின் காது'. மூன்றாம் முறையும் வென்றால் பட்டம் ஆயுளுக்கும் என்னுடையது.

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. பொன்மலை ரயில்வே எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெறும்வரை ஆபரேட்டர். 'ஹலோ' என்ற ஒரு சொல்லில் எந்த ஊர் ஸ்டேஷன் மாஸ்டர், அன்று சாப்பிட்டாரா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவேன். என் கணவர் என்னை முதலில் அறிந்தது குரலாகத்தான்.

டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார். லைன் சரியில்லை. ரெஜினாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

பக்கத்து வீட்டு மகாலிங்கம் வாசலுக்கு வந்துவிட்டார். மதியம் நான் பார்க்கும் பேய்த் தொடரின் சத்தம் அவர் வீட்டுப் பூஜையறை வரை கேட்கிறதாம்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நான் விளக்கேத்தும்போது உங்க வீட்டுப் பேய் 'உன்னை விடமாட்டேன்'னு கத்துது."

இக்கால நடிகர்களுக்கு உச்சரிப்பே கிடையாது, வாயைத் திறக்காமல் முணுமுணுக்கிறார்கள், சத்தம் வைக்காமல் என்ன செய்வது என்று அவருக்கு விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார். ரெஜினா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒருதடவ காது டாக்டரப் போய்ப் பாத்துட்டு வந்துரலாமா?"

எனக்கு மனம் இளகிவிட்டது. இதுவரை அவளுக்கு இப்படி ஒரு தொந்தரவு இருப்பதை என்னிடம் சொல்லவேயில்லை. யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. கொஞ்ச நாளாக வீட்டில் மிகவும் சத்தமாகப் பேசுகிறாள். காது மந்தமானவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

"பயப்படாத, நான் கூட வரேன்" என்றேன். அவள் முகத்தைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ரெஜினாவிடம் இனிச் சத்தமாகவே பேசுவதென்று முடிவு செய்திருக்கிறேன். காலைப் பூசையில் அவள் காதருகே பிரசங்கத்தின் முக்கியப் பகுதிகளைத் திரும்பச் சொன்னேன். ஃபாதர் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். இரக்கமில்லாத மனிதர்.

ஜூன் 28, சனி

எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவது என் வழக்கம்.

மாலையில் ஓர் இசை நிகழ்ச்சி. பேய்ப் படப் பின்னணி இசையை மட்டும் முழு வாத்தியக் குழுவோடு மேடையில் வாசித்தார்கள். நான் மாதக்கணக்காகக் காத்திருந்த நிகழ்ச்சி. டிரம்மும் செல்லோவும் பிரமாதம், நாற்காலி வழியாக முதுகெலும்பில் ஏறின. அதற்குப் பிறகு முன் வரிசையில் நான்கு வயலின்காரர்கள் வில்லைத் தந்தியின் நுனியில் வைத்து நடுக்கினார்கள். நடுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஒரு துளிச் சத்தம் இல்லை. சுற்றி இருந்தவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். ரெஜினா என் கையைப் பிடித்தாள்.

நான் எழுந்து நின்றேன்.

"வாசிக்கிற மாதிரி நடிக்கிறதுக்கா டிக்கெட் போட்டீங்க?"

குழுத்தலைவர் திரும்பினார். இளைஞர், மரியாதையானவர். "மேடம், என்ன சொல்றீங்க?" என்றார். நான் வயலின்களைக் காட்டினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கியது. ரெஜினா என்னை இழுத்து உட்கார வைத்து, மேடையைப் பார்த்துக் கைகூப்பினாள். என் சார்பில் மன்னிப்புக் கேட்கும் உரிமையை அவளுக்கு யார் கொடுத்தது?

ஆனால் அந்தப் பெண்ணின் கண். நடிப்பவள் கண் அப்படிக் கலங்குமா?

ஜூன் 29, ஞாயிறு

ரெஜினா பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூலை 3, வியாழன்

சமாதானம் ஆகிவிட்டது, ஒரு விபத்தினால். நான் சன்னலருகே நின்று வேப்பங்கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரெஜினா பின்னால் வந்து நின்று தோளைத் தொட்டாள். கையிலிருந்த காப்பி தம்ளர் போயிற்று.

"இப்படிச் சத்தமில்லாம வராதன்னு எத்தன தடவ சொல்றது? மாட்டுக்குக் கட்டற மாதிரி உனக்கு ஒரு மணி கட்டணும்!"

"கூப்புட்டுக்கிட்டே வந்தேன் அண்ணி."

"கூப்புடல."

"சரி, கூப்புடல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கீழே உட்கார்ந்து இருவரும் காப்பியைத் துடைத்தோம்.

ஜூலை 5, சனி

ரெஜினா கொலுசு போட்டுக்கொண்டு நிற்கிறாள்! அறுபத்தெட்டு வயதில்! பெரிய கடைவீதிக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள்.

"நீங்கதானே மணி கட்டச் சொன்னீங்க?"

கோமாளித்தனம். அவள் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சத்தமே இல்லையே. முத்து இல்லாத கொலுச உன் தலையில கட்டிட்டான்."

அவள் நின்றுவிட்டாள். "ஆமா அண்ணி, ஏமாத்திட்டான் போல" என்று மெதுவாகச் சொன்னாள். அதாவது உதடு அப்படி அசைந்தது. கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை.

ஜூலை 12, சனி

சங்கமத்துக்குப் பயிற்சி. ரெஜினா செல்போனில் ஒலித்துண்டுகளைப் போட்டாள். பாதிக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. செல்போன் ஸ்பீக்கர் உதவாது என்று நிறுத்திவிட்டேன்.

"இந்த வருசம் வேணாமே அண்ணி. சும்மா பாக்கறதுக்குப் போவோம். கேசரி சாப்புட்டுட்டு வந்துருவோம்."

"ஏன்? நான் தோத்துருவேனா?"

அவள் செல்போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். பட்டம் பெரிதல்ல. எனக்குப் பயம் வருவதில்லை. கடைசியாக எந்தப் படத்தில் மயிர்க்கூச்செறிந்தது என்று யோசித்தால் நினைவு பல ஆண்டுகள் பின்னால் போகிறது. கல்யாணமான முதல் மாதம் அவர் என்னை 'கருவேலங்காட்டு பங்களா'வுக்கு அழைத்துப் போனார். மாடிப்படியில் அந்தக் கொலுசு இறங்கி வரும்போது நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் கை என்னுடையதைவிட அதிகமாக நடுங்கியது. அதிலிருந்துதான் எனக்கு அவரைப் பிடித்தது. எத்தனை முறை சேர்ந்து பார்த்தோம் அந்தப் படத்தை! அவர் போன பிறகும் பயம் இருந்தது. பயம் இருந்தவரை பக்கத்து நாற்காலி காலியாகத் தெரியவில்லை.

இப்போது பயம் எங்கே போயிற்று? எல்லோரும் ஒன்றுமில்லாததற்கு நடுங்குகிறார்கள். எனக்குப் பின்னால் ஆட்கள் நடந்து வராமலேயே வந்து நிற்கிறார்கள். நான் பேசினால் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். சில படங்களில் கடைசிக் காட்சியில்தான் தெரியும், செத்தவள் யாரென்று. கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். இருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

முதல் பூசை முடித்து, அப்படியே சங்கமம்.

வாசலில் மாலை போட்டு வரவேற்க ஒரு மண்டையோடு. பந்தியில் சிவப்பு நிறக் கேசரி, பெயர் இரத்தக் கேசரி. வெள்ளைப் புடவை, நீள முடி, இரண்டு பல் வைத்த ஓர் ஆண்பிள்ளைப் பேய் சமையற்கட்டுப் பக்கம் பீடி குடித்துக்கொண்டிருந்தது. பதிவு மேசையில் ஓர் இளைஞன் என்னைப் பார்த்தவுடன் 'சிறந்த வேடம்' என்று எழுதிய வில்லையை என் தோளில் குத்தப் பார்த்தான். நான் உடுத்தியிருந்தது என் வழக்கமான வெள்ளை வாயில் சேலை.

"தம்பி, இது வேஷமில்லை. நான் விதவை" என்றேன். பையன் வெலவெலத்துப் போனான். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

போட்டி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகள். ஒன்றில் நான், மற்றதில் ஜமுனா. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள், கடந்த முறை எனக்கு அடுத்த இடம். கண்ணைக் கட்டினார்கள். ஆளுக்கொரு மேசை மணி.

முதல் ஒலி, கனமான கதவு ஒன்று மூடிக்கொள்வது. உடனே அடித்துச் சொன்னேன். கைதட்டல். இரண்டாவது பம்பைச் சத்தம். அதுவும் எனக்கே. மூன்றாவதும் நான்காவதும் போடுவதற்குள் ஜமுனா அடித்துவிட்டாள். அவசரக்காரி என்று நினைத்தேன். இரண்டுக்கு இரண்டு.

"கடைசி ஒலி. இது ஒருத்தருக்காகவே தேடி எடுத்தது" என்றார் டாக்டர் அறவாழி, மைக்கில்.

காத்திருந்தேன். போடவில்லை. இன்னும் காத்திருந்தேன். சபை அமைதியாக இருந்தது. ஜமுனாவின் மணியும் அடிக்கவில்லை. இயந்திரக் கோளாறாக இருக்கும்.

"எப்பதான் போடப் போறீங்க டாக்டர்?"

சிரிப்பு எழுந்தது. சட்டென்று அடங்கியும் விட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. துணியை அவிழ்த்தேன்.

மண்டபம் முழுக்க ஆட்கள் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேய் வேடமிட்டவர்கள் உட்பட. ஜமுனாவும் தன் துணியை இறக்கிவிட்டிருந்தாள். அவள் கை மணிமேல் இல்லை, மடியில் இருந்தது. டாக்டர் மைக்கைக் கீழே இறக்கியிருந்தார்.

ரெஜினா மேடைக்கு ஏறி வந்தாள்.

"அண்ணி. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க படம். கருவேலங்காட்டு பங்களா, மாடிப்படி."

"அதுல கொலுசு உண்டு" என்றேன்.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கி, என் நாற்காலிக்கு நேராக நின்று, வலது காலைத் தரையில் அடித்தாள். திரும்ப அடித்தாள். பலகை அதிர்ந்தது எனக்குத் தெரிந்தது. அந்தக் கொலுசில் முத்து இருந்தது. வரிசையாக, சின்னச் சின்ன மணிகள். அவள் காலை அடிக்கும்போதெல்லாம் அவை ஆடின. நான் குனிந்து பார்த்தேன். எல்லாம் ஆடின.

ஜூலை 21, திங்கள்

தலைவலி. டாக்டர் அறவாழி வந்தாராம். பட்டத்தை இந்த ஆண்டு யாருக்கும் தராமல் விட்டுவிடலாம் என்றாராம். ஜமுனாவுக்கே தரச் சொல்லி அனுப்பினேன். மணி அடிக்காதது அவள் பெருந்தன்மை. விதி விதிதான்.

ஜூலை 24, வியாழன்

காது மருத்துவமனை. ரெஜினாவுக்குத் துணையாகப் போனதாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தது நான். காதில் ஹெட்போன் மாட்டினார்கள். பழைய வேலை ஞாபகம் வந்தது. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியே உட்கார்ந்திருந்த பெண் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் நான் கையைத் தூக்கினேன். ஒன்றையும் விடவில்லை.

அவள் எழுந்து உள்ளே வந்தாள். "அம்மா, என் விரலப் பாக்காதீங்க. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். வெகுநேரம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் ரெஜினாவிடம், "எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"போன கிறிஸ்துமஸ்லேர்ந்து. பாட்டுக்குழு பாடுறப்ப நீங்க 'இன்னும் ஆரம்பிக்கலையா'ன்னீங்க."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே அண்ணி. நீங்க என்னையக் கூட்டிக்கிட்டுப் போறேன்னீங்க."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அந்த வயலின்காரப் பெண்ணுக்கு எழுத வேண்டும். முகவரி விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காது மிஷின் மாட்டி விட்டார்கள், இரண்டு பக்கமும். அவரைக் கொட்டை அளவு. உலகம் இவ்வளவு அநாகரிகமாகச் சத்தம் போடும் என்று மறந்தே போயிருந்தேன். செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் கிழிவதுபோல் இருக்கிறது. என் செருப்புக்கு ஒரு குரல் இருக்கிறது. குழாய் சொட்டுகிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மதியம் மேசை முன் உட்கார்ந்து, தட்டில் பரப்பிய ரவையில் வண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால், நடையில், ஏதோ தொடங்கியது. மெல்லியதாக, விட்டுவிட்டு. நின்றது. மறுபடி வந்தது, இன்னும் கிட்டத்தில். என் கழுத்துப் பின்புறம் மயிர் எழுந்து நின்றது. திரும்பவில்லை. திரும்பக் கூடாது, அது விதி. தட்டின் மேல் ஒரு நிழல் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் ரவை கூடமெங்கும் போயிற்று.

முதலில் கொலுசு, அப்புறம் நிழல், அப்புறம் ரெஜினாவின் முகம்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"பத்துக்குப் பத்து" என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் மாதா திருநாள் பூசை. வாசலில் குருவி கத்த, நானே போய்க் கதவைத் திறந்தேன். மகாலிங்கம். தாம்பாளத்தில் கொழுக்கட்டை. "டிவி சத்தமே காணோமே, உடம்புக்கு ஒண்ணுமில்லையேம்மா?" என்று விசாரிக்க வந்திருந்தார்.

மதியம் சுதந்திர தினச் சிறப்புத் திரைப்படமாக 'பூட்டாத அறை' போட்டார்கள். நாட்டுக்கு விடுதலை கிடைத்த நாளில் பேய்ப் படம் போடுவது பற்றி எனக்குக் கருத்து உண்டு, இருந்தாலும் பார்த்தோம். சோபாவில் நான், பக்கத்தில் ரெஜினா, வெளியே நல்ல வெயில்.

தொலைக்காட்சிக்காகப் படத்தை நிறையத் திருத்தியிருக்க வேண்டும். மருமகள் மாவு கரைக்கும் காட்சிக்கு முன்னால் இப்போது மாடிப்படி முழுக்கக் கொலுசு வருகிறது. ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல். மூன்று மதிப்பெண்ணை எட்டாக மாற்றுகிறேன்.

ரெஜினா குனிந்து தட்டிலிருந்து கொழுக்கட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் இன்னும் ஒன்றும் வரவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "அண்ணி, நகம்!" என்று கத்தினாள். நான் விடவில்லை.